பார்க்க என்ன இருக்கு?

"மாப்ள, உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"

மதுரையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் சித்தப்பா, வந்த மறுநாள் காலை ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். மலாக்காக்காரனிடம் யாரும் கேட்கக்கூடாத கேள்வி அது. கேட்டுவிட்டால் நிறுத்த மாட்டான். சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், ஆற்றில் படகு, ஜோங்கர் தெரு, செண்டோல் என்று நானும் அடுக்கினேன்.

"இல்ல, இந்த ஊர்ல. புக்கிட் பெருவாங்ல?"

இங்கே ஒன்றும் இல்லை என்றேன். கரடிமலை என்று அர்த்தம். கரடி இல்லை, காலையில் மலையேறி இறங்கும் ஆட்கள்தான் இருக்கிறார்கள். தாமான் வீடுகள், பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்ட வீடுகள், சாப்பாட்டுக் கடைகள். யாரும் வந்து பார்க்கிற இடமில்லை. அம்மா சமையல்கட்டிலிருந்து, "நாம இருக்கோம்ல, பார்க்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அன்றைக்கு நகரத்துக்குப் போனோம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு மலாக்காவுக்குத் தன்னைக் காட்டத் தெரிந்துவிட்டது. எங்கே நின்று படம் எடுக்க வேண்டும் என்று இடமே சொல்லிவிடும். மாமா கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். போர்த்துகீசியர் 1511இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. வாசலின் மேல் செதுக்கியிருக்கும் 1670 என்ற ஆண்டு டச்சுக்காரர்கள் போட்டது. அத்தனை பெரிய கோட்டையில் மிச்சம் இந்த ஒரு வாசல்தான். மற்றதையெல்லாம் 1807 வாக்கில் ஆங்கிலேயர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ராஃபிள்ஸ் தலையிட்டதால் இது தப்பியது என்பார்கள். இடித்தவன் விட்டு வைத்ததைத்தான் இன்றைக்கு வரலாறு என்று காட்டுகிறோம். இதை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இருக்கட்டும், நம்மாளுங்க சமாச்சாரம் ஏதாவது இருக்கா?" என்றார்.

இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. பொற்கொல்லர் தெருவுக்குக் கூட்டிப்போய் பொய்யாத விநாயகர் கோயிலைக் காட்டினேன். 1781இல், டச்சு ஆட்சியில் கிடைத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் கட்டியது. சில அடி தள்ளி கம்போங் கிலிங் பள்ளிவாசல், அதையும் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மாமாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குப் போதை மாதிரி ஏறியது. மலாக்கா துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக தோமே பிரெஸ் எழுதி வைத்ததைச் சொன்னேன். சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்த பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வம்சாவளி என்றேன். போர்த்துகீசியர் காலத்திலும் ஒரு தமிழ் வணிகர் பெண்டஹாராவாக இருந்தார், பெயர் நைனா சாத்து என்றேன்.

"அடேங்கப்பா. அப்பவே நம்மாளு இங்க ராஜ்ஜியம் பண்ணிருக்கான்!"

நான் தலையாட்டினேன். ஆனால் நைனா சாத்துவுக்கு அந்தப் பதவி எப்படி வந்தது என்று சொல்லவில்லை. 1509இல் சுல்தான் பிடித்து வைத்த போர்த்துகீசியக் கைதிகளுக்கு அவர் ரகசியமாக உதவினார். நகரம் விழுந்த பிறகு அல்புகெர்க் அவருக்குப் பதவி கொடுத்தார். மூன்றே வருடத்தில், 1514இல், அதைப் பிடுங்கி கம்பார் மன்னருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் நைனா சாத்து ஊரறியச் சிதை மூட்டி அதில் இறங்கினார். இரக்கப்பட்டுக் கைதிகளைக் காப்பாற்றியவரா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இருந்த ஊரைக் கைவிட்ட வியாபாரியா என்று இத்தனை வருடமாக எனக்கும் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் மாமாவிடம் மறைத்ததற்கு அது காரணமில்லை. அவர் முகம் வாடிவிடக்கூடாது, அவ்வளவுதான். நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மாமா ஊருக்கு எடுத்துக்கொண்டு போன கதை உண்மை இல்லை.

சாயங்காலம் காஜா பெராங் போனோம், கம்போங் செட்டி. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் மாமா தமிழில் நலம் விசாரித்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். நெற்றியில் திருநீறு, கதவில் மாவிலை. "தமிழை விட்டுட்டாங்களே" என்று மாமா என் காதில் சொன்னார். சுல்தான் காலத்தில் வந்து மலாய், சீனப் பெண்களைக் கட்டி இங்கேயே வேர் விட்டவர்கள். மொழியை விட்டாலும் கும்பிடுவதை விடவில்லை என்று விளக்கினேன். அந்த அம்மாவுக்கு முன்னாலேயே விளக்கினேன். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவரைப் பற்றி, அவருக்குப் புரியாத மொழியில். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமாவே கேட்டார்: "நீங்க பொறந்த தோட்டத்தப் பார்க்கலாமா மாப்ள?"

எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. நண்பர்களிடம் நான் அடிக்கடி புலம்புகிற விஷயம் அது. இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமே மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சத்தில் நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அவர் பெயரில் ஓர் ஆர்க்கிட் பூவே இருக்கிறது. 1954இல் லண்டன் செல்சி கண்காட்சியில் பரிசு வாங்கிய பூ. அந்த மரங்களைச் சீவியவர்களுக்கு என்ன இருக்கிறது? கல்லில் கட்டியவன் கதை நிற்கிறது, பலகையில் வாழ்ந்தவன் கதை கரையான் தின்றுவிட்டது. கூட்டங்களில் இப்படிப் பேசி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவையும் கூப்பிட்டேன். அந்த மண்ணில் அம்மா நின்று பேசினால் எப்படி இருக்கும்!

"நான் எதுக்குடா? அங்க என்ன இருக்கு?"

"நீங்க பால் வெட்டுன எடம்மா."

"வெட்டுனேன், முடிஞ்சிச்சி. வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கக்கூஸ தொறந்து காட்டுவியா நீ?"

மாமா சங்கடமாகச் சிரித்தார். நான் விடவில்லை. அது நம் உழைப்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மேடையில் பேசுகிற மாதிரியே அம்மாவிடமும் பேசினேன். கடைசியில், சம்பந்தி தப்பாக நினைத்துக்கொள்வாரே என்றுதான் அம்மா வண்டியில் ஏறினார்.

ஜாசின் தாண்டி உள்ளே போனால் இருபக்கமும் செம்பனை. லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை வரிசைதான். மிச்சம் ஒரு சிமெண்டுத் தொட்டியின் விளிம்பு. அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். நான் மாமாவுக்குக் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். இருட்டோடு பிரட்டுக்கு நிற்பது, தண்டல் பெயர் கூப்பிடுவது, மங்கு, வாளி, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை. மாமா "ம்" கொட்டினார். ஆனால் கோட்டை வாசலில் பார்த்த மலர்ச்சி அவர் முகத்தில் இல்லை. வெயில், கொசு, சுற்றிலும் ஒரே மாதிரி மரங்கள். அவர் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அசகான் நடைப்பயணத்தைச் சொன்னேன். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். காந்தியின் தண்டி யாத்திரையைப் படித்த மாமாவுக்குச் சட்டென்று கண் விரிந்தது. "நெசமாவா? இங்கேயிருந்தா?"

"ஆமா மாமா. எங்க தாத்தாவும் நடந்தாரு."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் சரியில்லை. அந்தக் கைக்கடிகாரப் பார்வை எனக்கு வலித்தது. என் தாத்தா அசகானில் வேலை செய்யவே இல்லை. அவர் இருந்தது வேறு தோட்டம். அந்த நாட்களில் அவர் எப்போதும் போல விடியற்காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் பாலைக் கொட்டிவிட்டு, சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனவர். மாமா தொட்டி விளிம்பின் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார். திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றியிருந்தார்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு அம்மா கேட்டார்.

"எங்கப்பாவ எதுக்குடா அங்க நடக்க விட்ட?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. அவருக்குப் பெருமைதான?"

"அது யாருக்குப் பெரும? அவரு அன்னிக்கும் பால் வெட்டப் போனாரு. போகலன்னா எங்களுக்குச் சோறு இல்ல. நீ சொன்ன ஆளு வேற யாரோ."

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன். என் பக்கம் வாதம் இல்லாமல் இல்லை. இந்த ஊரே அப்படித்தானே நிற்கிறது? பரமேஸ்வரா பார்த்த சருகுமான் நாயை உதைத்து ஆற்றில் தள்ளியதற்குச் சாட்சி யார்? ஹாங் லி போ இளவரசியின் கிணறு என்று காட்டுகிறோம். சீன அரசவைப் பதிவுகளில் அப்படி ஓர் இளவரசியே இல்லை என்கிறார்கள். யாருக்கும் நட்டமில்லாத கதை. கதை இருந்தால்தான் வந்தவன் நின்று பார்ப்பான், நின்று பார்த்தால்தான் அந்த இடத்துக்கு மரியாதை. கதை இல்லாத செம்பனைக் காட்டில் ஒரு தாத்தாவை நடக்க விட்டால் என்ன கெட்டுவிட்டது?

ஆனால் சருகுமானுக்கு உயிரோடு மகள் இல்லை. தாத்தாவுக்கு இருக்கிறாள், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கை காட்டுவதற்கு லாயக்கில்லை என்று அவர் மகளின் காது கேட்கத் தீர்ப்புச் சொன்னேன். தோட்டத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காலையில் அம்மாவுக்குப் பாடம் எடுத்தவன் மத்தியானம் வெட்கப்பட்டேன். அம்மா கக்கூஸ் என்று சொன்னதில்கூட அத்தனை வெட்கம் இல்லை. அவர் மறைக்க நினைத்தார், மாற்ற நினைக்கவில்லை.

நடந்தவர்களும் இருக்கிறார்களே. சம்பளத்தை விட்டு, பிள்ளைகளை விட்டு, வெயிலில் தார்ச்சாலையில் உண்மையாகவே நடந்தவர்கள். அந்த வரிசையில், ஒரு நாள் சம்பளத்தைக்கூட இழக்காத ஒருவரைச் சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறேன். அவர்களை யாரும் நினைப்பதில்லை என்று மேடையில் குறைபட்டுக்கொள்கிறவன் நான்தான். நைனா சாத்துவின் பாதிக் கதையை முழுங்கியபோதே இந்தப் பொய்க்கு வழி போட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாள் விட்டுச் சொன்னேன், மூன்றாம் நாள் சேர்த்துச் சொன்னேன். இரண்டுமே கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவை.

கம்போங் செட்டியில் அன்றைக்கு நாங்கள் பார்க்காத ஒன்று உண்டு. வருடம் இருமுறை அவர்கள் 'பார்ச்சு' என்று முன்னோர்களுக்குப் படைப்பார்கள், பொங்கல் சமயத்தில் ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. வாழையிலையில் செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். தமிழை விட்டார்கள் என்று மாமா வருத்தப்பட்ட அதே ஆட்கள்தான். அவர்கள் இலை போடுவது பாட்டன் பூட்டனுக்கு, எங்களைப் போல் வந்து எட்டிப்பார்க்கிறவர்களுக்கு இல்லை.

எங்கள் வீட்டிலும் தீபாவளிக்கு முதல்நாள் படையல் உண்டு. அம்மா தாத்தாவுக்கு ஆட்டுக்கறி, நெத்திலிக் கருவாடு, சுருட்டு, ஒரு போத்தல் கின்னஸ் வைப்பார். கள்ளு கிடைக்காததால் கின்னஸ். சின்ன வயதில் எனக்கு அது சங்கடமாக இருக்கும். குடித்துக் குடித்தே பாட்டியை அழவைத்த மனிதருக்குச் செத்த பிறகும் ஊற்ற வேண்டுமா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அவரு வந்தா அதத்தான் தேடுவாரு" என்றார் அம்மா. அவரை நல்லவராக்கி வைக்கவில்லை, கெட்டவர் என்று ஒதுக்கவும் இல்லை. வருகிறவர் யாரோ அவருக்குத்தான் இலை.

மாமா ஊருக்குப் போன மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்தது. சிமெண்டுத் தொட்டியின் பக்கத்தில் நான். 'போராட்ட வீரரின் பேரன், பிறந்த மண்ணில்' என்று கீழே எழுதியிருந்தார். எழுபத்து மூன்று பேர் இருக்கிற குழு. கைகூப்பிய படங்கள், இதயங்கள். கோயம்புத்தூரில் ஒரு பையன் பள்ளிக் கட்டுரைக்கு விவரம் கேட்டிருந்தான்.

நான்கு நாள் சும்மா இருந்தேன். பிறகு மாமாவுக்குத் தனியாக எழுதினேன். தாத்தா நடக்கவில்லை, நான் சொன்னது பொய், தயவுசெய்து குழுவில் திருத்திவிடுங்கள். நைனா சாத்து கதையின் மிச்சத்தையும் எழுதினேன். அது எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'பரவாயில்ல மாப்ள. யாரோ நடந்தாங்கல்ல, அது நெசந்தானே? எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும் விடுங்க.'

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு சம்பந்தி?" என்றார். படித்துக் காட்டினேன்.

"எல்லாருக்கும் தெரியிற மாதிரி நீயே போடு" என்றார்.

எழுபத்து மூன்று பேர். முதல் வரியை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.