ஆற்றைக் கடந்தவர் கதை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



"நீர் யார்?" என்று ஒருவர் நம்மைக் கேட்டால், நாம் என்ன விடை சொல்கிறோம்? பெயரைச் சொல்கிறோம், அது பாட்டன் பெயராக இருக்கும், அல்லது ஒரு தெய்வத்தின் திருநாமமாக இருக்கும். ஊரைச் சொல்கிறோம், அந்த ஊர்ப்பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு நிற்கும். கோத்திரம் சொல்வோர் என்றோ வாழ்ந்த ஒரு முனிவரின் வழியைச் சொல்கின்றனர். வைணவரோ ஒரே சொல்லில் "அடியேன்" என்பர். அச்சொல்லுக்குள் ஆழ்வார்களும் ஆசாரியர்களும் அவர்கள் வழிவந்த குருபரம்பரை முழுவதும் அடங்கியிருக்கின்றனர். ஆக, தன்னை இன்னான் என்று சொல்லத் தொடங்குகிற மனிதன், அறிந்தோ அறியாமலோ ஒரு கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறான்.

கதை மனிதனை எவ்வளவு தூரம் ஆட்கொள்ளும் என்பதற்குக் குலசேகராழ்வார் சரிதமே சான்று. சேர மன்னராகிய அவர் நாள்தோறும் ஸ்ரீராமாயணம் கேட்டு வந்தார். கரன், தூஷணன் முதலிய பதினாலாயிரம் அரக்கரை எதிர்த்து இராமபிரான் தனியனாய் நின்றார் என்று கதை சொல்பவர் உரைத்தபோது, மன்னர் தம் சேனையைத் திரட்டி, இராமனுக்குத் துணைபோகப் புறப்பட்டுவிட்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. "பெருமான் ஒருவராகவே வென்று மீண்டார்" என்று எடுத்துச் சொன்ன பிறகே அவர் மனம் அமைதியுற்றது. கேட்ட கதை அவருக்குப் பழங்கதையாக இல்லை. தாம் கலந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சியாக இருந்தது. இராமபிரானையே "பெருமாள்" என்று வழங்குவது நம் ஆசாரியர் மரபு. அப்பெருமாளிடத்தில் கொண்ட ஈடுபாட்டால் குலசேகரர் "பெருமாள்" என்றே பெயர் பெற்றார். கதை அவருக்குப் புதிய பெயரையே தந்தது.

தனி மனிதரைப் போலவே ஒரு மக்கள் கூட்டத்தையும் கதை உருவாக்குகிறது. அதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. போளூர்ப் பக்கமிருந்தும் செங்கம் பக்கமிருந்தும் ஆலங்காயம் பக்கமிருந்தும் ஏறி வந்து நாம் நிற்கிற இந்த ஜவ்வாது மலையே அதற்குச் சான்று.

இம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களைப் பற்றி வழிவழியாக ஒரு கதை வழங்கி வருகிறது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அவர்களுக்கு இப்பெயர் வந்தது. கேரள நாட்டாரைக் குறிக்கும் பெயர் அல்ல. எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. அது வருமாறு:

காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி நாட்டு வேடர்கள் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினமுற்ற வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். புறப்படும்போது தம் மனைவியரிடம், "நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு, கருமாதி செய்துவிடுங்கள்" என்று சொல்லிச் சென்றனர். வழியில் பாலாறு பெருக்கெடுத்து ஓடிற்று. ஆடவர் அரும்பாடுபட்டு அக்கரை சேர்ந்தனர். நாய்களோ பாதி ஆறு நீந்தி, வெள்ளத்துக்கு அஞ்சித் திரும்பிக் காஞ்சி வந்து சேர்ந்தன. நாய்களைக் கண்ட மனைவியர் தாலி களைந்தனர், சடங்குகள் நடந்தேறின. ஏழு வீரரும் வேடரை வென்று மீண்டு வந்தபோது, ஊர் அவர்களை ஏற்கவில்லை. உயிரோடு நின்றவர்கள் இறந்தவர்களாகவே எண்ணப்பட்டனர். வேறு வழியின்றி அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலைக்கு வந்து, பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தனர். அவர்கள் வழிவந்தோரே இம்மலை மக்கள்.

அன்பர்களே, இது கல்லில் வெட்டிய சாசனம் அன்று. பாட்டி வாய்மொழியாகப் பேரனுக்கு வந்த கதை. ஆயினும் இதன் உள்ளே எத்தனை பெரிய துயரம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்! இதில் யாரைக் குற்றம் சொல்வது? மனைவியர் சொன்ன சொல் தவறாமல் நடந்தனர். நாய்கள் வெள்ளத்துக்கு அஞ்சின. அது உயிர்களின் இயல்பு. பிழை நேர்ந்த இடம் வேறு. உயிருள்ள மனிதன் வாசலில் வந்து நின்ற பிறகும், "உனக்குச் சடங்கு முடிந்துவிட்டது" என்று ஊர் சொல்லிற்றே, அங்கேதான் பிழை நேர்ந்தது. கண்முன் நிற்கிறவனைக் காட்டிலும் அவனைப் பற்றித் தாம் முன்பே முடித்துவைத்த கதையையே ஊரார் பெரிதாகக் கொண்டுவிட்டனர்.

இம்மலையடிவாரத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊர் உண்டு. அங்கே ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று நிற்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறுப்பூசலில் மாண்டான். கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. நாயின் பெயரையும் கல்லில் எழுதி, அதன் உருவத்தையும் வீரன் அருகே செதுக்கினர் அவ்வூரார். காத்து நின்ற நாய்க்கும் பெயர் தந்து நினைவில் வைத்த நாடு இது. அத்தகைய நாட்டில், மீண்டு வந்த மனிதருக்கு இடமில்லாமற் போனது என்று சொல்லும் கதை நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

கதை சொல்லாமல் விட்ட செய்தியும் ஒன்று உண்டு. கவர்ந்து செல்லப்பட்ட ஏழு கன்னியர் என்ன ஆயினர்? கணவர் உயிரோடிருக்கக் கைம்மை பூண்ட ஏழு பெண்களின் கண்ணீரை யார் துடைத்தனர்? தம் இனத்தாரை வென்றவர்களுக்கே மனைவியராகி வாழ்ந்த வேடர் குலப் பெண்களின் பெயர்கள் எங்கே? "நாங்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள்" என்று தந்தை வழியைச் சொல்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அக்கதையின்படியே பார்த்தாலும், இம்மலை மக்களின் தாய்வழி வேடர் வழி அல்லவா? காட்டை அறிந்தவர்களும், கிழங்கையும் தேனையும் அறிந்தவர்களும் அந்தத் தாய்மார்களே. கதையைப் பாதியாகச் சொன்னால், நாமும் பாதி மனிதராகவே நிற்போம்.

ஜமுனாமரத்தூருக்கு வருவோர் பீமன் நீர்வீழ்ச்சியைக் கண்டு செல்வது வழக்கம். பாரதத்து வீமன் பெயர் இம்மலையருவிக்கு அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. வனத்தில் இடிம்பனைக் கொன்ற வீமன், அவன் தங்கை இடிம்பியை மணந்தான். அவள் வயிற்றில் பிறந்த கடோற்கசன் குருக்ஷேத்திரத்தில் பாண்டவருக்காகத் தன் உயிரையே கொடுத்தான். பகைவர் வழியில் வந்த பெண்ணே உறவாகி, அவள் மகனே குலத்தைக் காத்தான். வடாற்காட்டு ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதம் படிப்பதும் இரவெல்லாம் கூத்து நடத்துவதும் வெறும் பொழுதுபோக்கல்ல. பகையும் உறவும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை ஆண்டுதோறும் ஊர் கூடிக் கற்கும் பாடம் அது.

இனி, நம் சம்பிரதாயம் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உடையவர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் பயின்ற காலத்தில், காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று அவரைக் கொல்லச் சூழ்ச்சி நடந்தது. கோவிந்தர் அதனை அறிவித்துத் தப்பச் செய்தார். விந்திய வனத்தில் தனித்துத் திகைத்து நின்ற இளைஞருக்கு வழித்துணையாக ஒரு வேடனும் வேடுவச்சியும் வந்தனர். விடியுமுன் அவரைக் காஞ்சியின் எல்லையில் கொண்டுவந்து சேர்த்தனர். தாகத்துக்கு நீர் கேட்டனர். நீர் முகந்து வருவதற்குள் மறைந்தனர். வந்தவர்கள் பேரருளாளப் பெருமாளும் பெருந்தேவித் தாயாருமே என்பது பெரியோர் துணிபு. அன்றுமுதல் அந்தச் சாலைக் கிணற்றின் நீரைத் திருமஞ்சனத்துக்குச் சுமந்து வருவதை உடையவர் தம் கைங்கரியமாகக் கொண்டார்.

கதையின் நயத்தைக் கவனியுங்கள். காஞ்சி வேளாளர் இகழ்ந்து தள்ளியது வேடர் உறவை. காஞ்சிப் பெருமாள் உவந்து தரித்தது வேடர் கோலத்தை! ஊர் யாரைத் தனக்கு ஒவ்வாதவர் என்று ஒதுக்கிற்றோ, அவர் வடிவிலேயே ஊரின் நாயகன் வந்து நின்றான். குகனைத் தம்பியாகக் கொண்ட இராமனுக்கு இது புதிதல்லவே. பாகவதரைப் பிறப்பைக் கொண்டு அளத்தல் பெரும் அபசாரம் என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் கடிந்துரைத்ததும் இக்கருத்துப் பற்றியே.

சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வழங்கும் மற்றொரு கதை இதற்கு முடிசூட்டுகிறது. கரிராமன் என்னும் பெருமாள் காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் தாமே புறப்பட்டுவிட்டார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர் குடும்பத்தோடு அவரைத் தொடர்ந்து வந்து, வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அக்கதை. கரி என்பது யானை. காஞ்சிப் பெருமாளின் மலைக்கோ அத்திகிரி என்று பெயர். ஒரு கதையில் ஊர் கதவை அடைக்கிறது. மற்றொரு கதையில் பெருமாளே முன்னே நடக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவனுக்குத் தான் தள்ளப்பட்டவன் என்ற எண்ணம் எப்படி நிற்கும்?

அன்பர்களே, இது பழங்காலத்தோடு முடிந்த செய்தி அன்று. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், சேஷாசல வனத்தில் இருபது தமிழ்க் கூலியாட்கள் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். ஜவ்வாது மலை மக்களும் இருந்தனர். செம்மரம் கடத்த வந்து தாக்கினார்கள் என்றது காவல் துறை. மனித உரிமை அமைப்புகள் அதனை மறுத்தன. வழக்கின் நியாயத்தை ஆராய்வதற்கு இது இடமன்று. ஆனால் ஆதிசேஷனே மலையாய்க் கிடந்து எம்பெருமானைத் தாங்கும் அவ்விடத்தில் இருபது உயிர்கள் போயின. அதன்பின் "ஜவ்வாது மலையான்" என்றாலே "மரம் வெட்டி" என்று சொல்லும் நாக்குகளும் சில முளைத்தன. நாய்கள் திரும்பியதைக் கண்டு வீரர் மாண்டார் என்று முடிவு கட்டியதற்கும், ஒரு செய்தியைக் கேட்டு ஒரு மக்கள் முழுவதையும் இன்னார் என்று முடிவு கட்டுவதற்கும் என்ன வேறுபாடு? வேலை தேடிக் கீழ்நாட்டுக்கு இறங்குகிற இம்மலை இளைஞன், பிறர் தன்மேல் ஏற்றிய கதையையே தன் கதை என்று நம்பிவிட்டால், அதைவிடப் பெரிய இழப்பு அவனுக்கு வேறில்லை.

ஆதலால் இங்கே சேவிக்க வந்துள்ள நாம் செய்யத்தக்கவை இரண்டு. இம்மலையைச் சேர்ந்தவர்கள், சாமைச் சோற்றை உண்ணும் வேளையிலேயே பிள்ளைகளுக்குத் தம் முன்னோர் கதையைச் சொல்ல வேண்டும். தந்தை வழியோடு தாய் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மலை மக்களைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் வாயால் அவர்கள் கதையைக் கேட்க வேண்டும். இம்மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் வான்மீன்களை நோக்குகிறது. பல்லாண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியை இன்று ஏற்று அறிய அத்தனை பெரிய ஆடி வேண்டியிருக்கிறது. பல தலைமுறைகளைக் கடந்து வரும் ஒரு கதையை ஏற்க, நம் செவியும் அவ்வளவு அகலத் திறந்திருக்க வேண்டாமா?

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு கீழே இறங்கி, காஞ்சிக்கு அணித்தான திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அங்கே கரையில் எம்பெருமான் திருவேங்கடவனாகவே எழுந்தருளியிருக்கிறான். முன்னோர் கடந்து வந்த பாலாற்றுக்கே இம்மலையின் நீர் போய்ச் சேர்கிறது. காஞ்சி வாசல் ஒருநாள் மூடியிருக்கலாம். நீருக்கு வழி மூடவில்லை. அந்த நீர் போல, இம்மலையின் கதையும் தங்குதடையின்றிக் கீழ்நாடு சேரட்டும். ஏற்பாரும் மறுப்பாரும் என்ற வேற்றுமை ஒழிந்து, அனைவரும் அவன் உடைமை என்ற ஒன்றே நம் பெயராய் நிலைக்கட்டும்.

மலைநாடும் கீழ்நாடும் மழைவளம் பெற்று வாழ்க! பாகவதர் திருக்கூட்டம் பல்லாண்டு வாழ்க!

சுபம்.