கட்சிப் பாட்டு கலையாகாதா?

"கட்சிக்குப் பாடியவன் கவிஞனல்லன்" என்று இலக்கியக் காவலர் சிலர் இன்றும் செப்பித் திரிகின்றனர். மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றவன் கவிஞனாம். மடத்தைப் பாடி மானியம் பெற்றவனும் கவிஞனாம். கூலிக்காரனுக்குக் குரல் கொடுத்தவன் மட்டும் வெறும் பிரச்சாரகனாம்! நன்று இவர்தம் நடுநிலை!

இவர்களை ஏலம் மணக்கும் போடிநாயக்கனூருக்கு அழைக்கிறோம். அங்கிருந்து போடிமெட்டு ஏறிச் சென்றால் தேவிகுளம். 1958-இல் அங்கே இடைத்தேர்தல். சுயேச்சைகளின் துணையோடு நம்பூதிரிபாத் அமைச்சரவை நூலிழையில் நின்ற நேரம். பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாட வந்தார், போடிக்குத் தெற்கே பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன். (இளையராஜாவின் அண்ணன் என்றால்தான் பலருக்கு விளங்குகிறது, அந்த அடையாளம் இல்லாமலே அறியப்பட்டிருக்க வேண்டியவர்.) கேரளத்துத் தேர்தலில், தேயிலைத் தோட்டத்துத் தமிழர் தம் மொழியில், தமக்குப் பழகிய மெட்டில் அரசியல் கேட்டனர். காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்தை எள்ளிய பாட்டு மலையெங்கும் பரவிற்று. ரோசம்மா வென்றார்.

ஏடறியாதார்க்குக் காதே ஏடு. சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற சிந்துகளும், வடகிழக்குப் பிரேசிலின் சந்தைகளில் கயிற்றில் தொங்கிய கவிதைச் சிறுநூல்களும், படிக்க ஒருவன், கேட்க ஊரார் என்றுதானே வாழ்ந்தன?

ஆகவே, கலையா பிரச்சாரமா என்ற வழக்கை இத்துடன் தள்ளுபடி செய்வோம். கடினமான வழக்கு வேறு. பாட்டு யாருக்குக் கடன்பட்டது? கட்சிக்கா? கட்சி யாருக்காக எழுந்ததோ, அவர்களுக்கா? வெற்றி ஊர்வலத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

2015 செப்டம்பரில் அதே மலையில், மூணாற்றில், அவை பிரிந்தன. 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் சூட்டிக்கொண்டனர். உள்ளூர்த் தொழிற்சங்கத் தலைவர்களை, கட்சி வேறுபாடு பாராமல், அண்டவிடாது விரட்டினர். அன்று ஒரு கட்சிப் பாவலன் மலையேறியிருந்தால் எங்கே நின்று பாடியிருக்க வேண்டும்? சங்க மேடையிலா?

சாலையில் என்கிறோம் நாம். "கட்டுப்பாடு குலையுமே!" என்பர் தோழர் சிலர். கட்டுப்பாட்டின் அருமையை நாம் மறுக்கவில்லை. 1958-இல் கட்சி இல்லையேல் அந்தப் பாட்டு ஊர்க்கேலியாகவே ஓய்ந்திருக்கும். ஆயினும், மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தவர் எழுந்து போன பின்னர், மேடையில் நிற்பவன் யாருக்குக் கட்டுப்படுகிறான்?

விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருங்கியடித்துப் பெண்கள் ஏலத் தோட்டத்துக்கு மலையேறுவது இன்றும் நிற்கவில்லை. அந்த ஜீப்பில் எந்தக் கட்சிப் பாவலர் உடன் ஏறுகிறார்?