வந்தியின் பங்கு

மதுரையில் ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழா. வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அடைக்கும்படி பாண்டியன் கட்டளையிட்டான். பிட்டு விற்றுச் சீவித்த வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சிவபெருமானே உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்தார். ஆடினார், பாடினார், உறங்கினார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி பாண்டியன் உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது.

இக்கதை எனக்குச் சென்ற பனிக்காலத்தில்தான் விளங்கியது. எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் பொருளாளர், தொழிலும் கணக்குத்தான். 2 வருடமாகச் சந்தா வராத வீடுகளின் பெயர்களை வெட்டினேன். அதில் ஒன்று தனியே இருக்கும் ஓர் ஆச்சியின் வீடு. பெயர் இல்லாததால் கடிதம் போகவில்லை. கதவைத் தட்டவும் ஒருவருமில்லை. அவர் விழுந்து வைத்தியசாலையில் கிடப்பது 3 கிழமைக்குப் பிறகே தெரிந்தது. பார்க்கப் போனேன். "தம்பி, சந்தாக்காசு குடுக்கக் கிடக்கு, வந்து தாறன்" என்றார். தலை குனிந்தேன். நிலுவை எங்கள் பக்கத்தில் இருந்தது.

இப்பொழுது சந்தாப் பட்டியல் வேறு, வீட்டுப் பட்டியல் வேறு. ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் பொறுப்பு. ஞாயிறுதோறும் கதவைத் தட்டிச் சுகம் விசாரிக்கிறோம். பனி கொட்டினால் கடைச்சாமானும் வாங்கிக் கொடுக்கிறோம்.

அன்பர்களே, பங்கு கொடுக்க இயலாத வீட்டுக்கே இறைவன் கூலியாளாய்ப் போனார். உங்கள் மாடியில் நெடுநாளாய்த் தட்டப்படாத கதவு எது? இன்று பூசை முடிந்து வீடு திரும்பும்போது, பிரசாதத்தோடு அதைத் தட்டுங்கள்.

திருச்சிற்றம்பலம்.