காணாப் பறவையும் கடமையும்

விரத நாளில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்பது, தெமட்டகொடைத் தொடர்மாடி வீடுகளிலும் இன்னும் மறையாத வழக்கம். காகம் கண்ணெதிரே வருகின்றது. முன்னோர் நினைவோடும் இணைந்திருக்கின்றது. பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததும், பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததும் இவ்வகையினவே. மயிலும் முல்லையும் வள்ளல்களின் பார்வையிற் பட்டன. பட்டதனால் இரக்கம் பிறந்தது. பார்வையிற் படாத உயிருக்கும் மனிதன் கடமைப்பட்டவனா என்பது இக்கதைகள் எழுப்பாத வினா.

இவ்வினாவுக்கு உரைகல்லாகத் தக்கது கிறிஸ்மஸ் தீவுப் பிரிகேற் பறவை. ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில் உள்ள, 135 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவில் அன்றி உலகில் வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. இலங்கைக் கடலோரம் அரிதாக அலைந்து வருவதுண்டாயினும், கொழும்பு வாசிகளுள் அதனைக் கண்டோர் மிகச் சிலரே. நற்பண்புகளைச் சொல்லி அதற்காக வாதாடவும் வழியில்லை. பிற கடற்பறவைகளைத் துரத்தி, அவை விழுங்கிய மீனைக் கக்கச் செய்து பறிக்கும் வழிப்பறிக்காரன் அது. இறகுகள் நனைந்துவிடும் என்பதால் கடலில் இறங்க மாட்டாத கடற்பறவை! ஒரு முறைக்கு ஒரு முட்டையே இடும். குஞ்சை வளர்த்து முடிக்க ஓராண்டுக்கு மேலாவதால் ஆண்டுதோறும் முட்டையிடுவதுமில்லை. இழந்ததை விரைவில் ஈடுசெய்ய இயலாத இவ்வினத்தைச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஊறுபடத்தக்க இனங்களுள் சேர்த்துள்ளது.

1888இல் பிரித்தானியா அத்தீவைத் தன்னுடன் இணைத்தது பொஸ்பேற்றுக்காகவே. காடழித்து அகழப்பட்ட அக்கனிமம் உரமாகி அவுஸ்திரேலிய, நியூசிலாந்து நிலங்களுக்குச் சென்றது. அதனை உலர்த்தும் ஆலையின் தூசி படிந்தமையால், பறவைகள் கூடமைத்திருந்த ஓரிடம் கைவிடப்பட்டது. 1980இலேதான் அங்கு தேசியப் பூங்கா தோன்றியது. அவ்வுரத்தை நிலத்தில் இட்டவன் பறவையைக் கண்டதில்லை. அதற்குத் தீங்கு நினைத்ததுமில்லை. காணாததற்கு இரங்க இயலாது என்போர் இதனைக் கருத வேண்டும்: காணாததற்குத் தீங்கு இழைக்க இயலுகின்றதே! தீங்கு கடல் கடக்குமாயின், பொறுப்பு மட்டும் கரையில் நின்றுவிடுவது எங்ஙனம்?

தூரம் என்பதும் தேவைக்கேற்ப நீண்டு சுருங்குவதே. 1942இல், அதே சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுகளில் கிளர்ந்தெழுந்த இலங்கைப் படையினருள் மூவர், தெமட்டகொடைக்கு அயலிலுள்ள வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பேரரசுக்கு அத்தீவுகள் தூரமாயிருக்கவில்லை.

தூரம் கடமையைக் குறைப்பதில்லை எனப் பீற்றர் சிங்கர் 1972இல் வாதிட்டபோது, கிழக்கு வங்காளத்தில் பசித்திருந்த மக்களையே கருதினார். பசித்த மனிதர் இருக்கப் பறவையைப் பற்றிய கவலை ஏன் என்று அவ்வாதத்தையே திருப்பிக் கேட்பாரும் உளர். ஆயின் பறவை கேட்பது கொடையன்று. அதன் காட்டைப் பறிக்காதிருத்தலே. பசித்தவனுக்குரிய சோற்றில் ஒரு பருக்கையும் இதனாற் குறைவதில்லை.

எனினும் பறிக்காதிருத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அத்தீவில் அகழ்ந்தோர் சீனாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழிவந்தோருமே. காடு காக்கப்படும்போது முதலில் வேலை இழப்போர் அவர்களே; உரமிட்டு விளைச்சல் பெருக்கிய பண்ணையாளர் அல்லர். உரம் பெற்ற நாடுகள் அவர்களுக்கு மாற்றுத் தொழில் அமைக்கும் செலவை ஏற்காதவரை, பறவையின் பொருட்டு வகுக்கப்படும் எச்சட்டமும் அத்தொழிலாளருக்கு நியாயமாகத் தோன்றப்போவதில்லை.