கூட்டைப் பிரித்த பறவையும் வேலியோரக் கனியும்



ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் வாழும் நம் சமூகத்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய மடலில் ஒரு வினா இருந்தது. அவர் வீட்டின் பின்னே புதர்க்காடு. தோட்டத்துச் செடியில் ஃபேரிரென் என்னும் சின்னஞ்சிறு நீலக் குருவி புல்லால் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ஒரு காலைப்போதில், காக்கையை ஒத்த உருவும் மஞ்சள் விழியும் உடைய கரவாங் என்னும் பறவை வந்து, கூட்டைப் பிரித்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாய்க் கொண்டுபோயிற்று. அவர் மகள் அழுதாளாம். "கல்லெறிந்து விரட்டியிருக்கலாமா? பார்த்துக்கொண்டு நின்ற எங்களுக்குப் பாவம் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

கல்லெறிதல் தகாது. அப்பறவையும் தன் குஞ்சுகளுக்கே இரை தேடிற்று. விலங்குகதியில் வந்த வினை அதனை அவ்வாறு செலுத்துகிறது. அதனைக் கொடியதென்று தள்ளிவிடவும் இயலாது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் அது. நற்காட்சி எய்தும் தகுதி அதற்கும் உண்டு. பகவான் மகாவீரரே முற்பிறவி ஒன்றில் சிங்கமாக மானைக் கொன்று தின்றுகொண்டிருந்தபோது, சாரண முனிவர் இருவர் வானினின்று இறங்கி அறமுரைக்கக் கேட்டு, புலால் துறந்து, உண்ணாநோன்பிருந்து உடல் நீத்தார் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் வரலாறு.

ஆனால் அம்மடலின் வேறொரு வரியே நம்மை நிறுத்திற்று. வேலி முழுவதும் பிரிவெட் செடி என்றும், குளிர்காலத்தில் அதன் கருங்கனிகளை உண்ண அப்பறவைகள் திரளாக வரும் என்றும் சற்றுப் பெருமையாகவே எழுதியிருந்தார். முன்னாளில் அவை குளிர்காலத்தில் மட்டும் மலைக்காடுகளிலிருந்து நகருக்கு இறங்கி, இளவேனிலில் மீண்டுவிடும். மக்கள் அயல்நாடுகளிலிருந்து கொணர்ந்து நட்ட பிரிவெட், கற்பூரமரம் முதலியவற்றின் கனியும், முற்றத்தில் எறியும் இரையும் கிடைக்கவே, 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொட்டுப் பல அங்கேயே தங்கிக் கூடுகட்டலாயின. சிறு குருவிகள் குஞ்சு பொரிக்கும் பருவமும் அந்த இளவேனிலே.

கொலையில் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்று வகுத்தனர் நம் ஆசாரியர். அன்பர் இவற்றுள் எதுவும் செய்தவரல்லர். எனினும் எண்ணிப் பாராது செய்யும் செயலின் தீங்கை அநர்த்ததண்டத்துள் வைத்து விலக்கினர். அவ்வேலி அதனுள் அடங்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவ்வாறாயின் வேலியை வேரோடு வெட்டலாமா? செடியும் ஓரறிவுயிர் அன்றோ! இல்லறத்தார் இயங்குயிர்க் கொலையை விலக்கி, நிலையுயிர்க் கொலையை இயன்றவரை குறைக்க வேண்டியவர். ஆதலின், கூடு ஏதும் இல்லாமை பார்த்து, பூ முடிந்து கனி முற்றுமுன் கிளைநுனிகளைக் கழித்துவிடுமாறும், புதிதாக நடுவதாயின் பெரும்பறவை எளிதில் நுழைய மாட்டாத அந்நாட்டு முட்புதரையே நடுமாறும் எழுதினோம்.

சென்ற மாதம் மறுமடல் வந்தது. தம் வேலியில் இவ்வாண்டு கனி இல்லையாம். அடுத்த வீட்டு வேலியில் நிறைய இருக்கிறதாம். அவ்வீட்டாரிடம் இதனை எங்ஙனம் சொல்வது என்று இப்போது கேட்டிருக்கிறார். மகளோ, சிங்கத்தின் கதையை இன்னும் விரிவாக எழுதச் சொல்கிறாளாம்.