யாருக்காகத் திட்டமிடுகிறோம்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா ஆகிய மாநிலங்களில் பாலைநிலத் தேசியப் பூங்காக்கள் பல உள்ளன. 'பூங்கா' என்னும் சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. அங்கே பாத்தியும் புல்தரையும் இல்லை. உப்புப் படுகைகளும் மணற்குன்றுகளும் செம்பாறைப் பள்ளத்தாக்குகளும் நிறைந்த, அரசு காத்துவரும் வனாந்தரங்கள் அவை. லாஸ் வேகாஸ் நகரில் விமானத்தை விட்டிறங்கி, வாடகைக் கார் எடுத்து, டெத் வேலி எனப்படும் மரணப் பள்ளத்தாக்கு, சீயோன், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ் என ஒரே சுற்றில் கண்டுவருவோர் ஏராளம். அந்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் பெற்றோரும் இன்று அந்தக் கார்களின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்கிறார்கள்.

இத்தகைய பயணத்திற்குத் திட்டம் தீட்டுவோரை இரு வகையினராகக் காண்கிறோம். காலை 6 மணிக்கு இங்கே, 11 மணிக்கு அங்கே, மாலைச் சூரியன் இன்ன பாறையின்மேல் என்று மணிக்கணக்கில் வகுத்துக்கொள்வோர் ஒரு சாரார். எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்துவிட்டால் வியப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டு, போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்போர் மறு சாரார். இவ்விருவரின் வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. பயணம் என்னுடையது, அதன் இன்பமும் இடரும் என்னோடு முடிபவை என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. அந்த எண்ணம் சரிதானா என்பதே நாம் கேட்க விரும்பும் வினா.

பாலைவனத்தின் கணக்கு சுருக்கமானது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும். யூட்டாவின் நெடுஞ்சாலை ஒன்றில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் இடையே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தூரம் பெட்ரோல் நிலையம் கிடையாது. மரணப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்வதில்லை. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான், சில வல்லுநர்கள் ஐயுற்றாலும், உலகின் உச்ச வெப்பமாக ஏட்டில் நிற்கிறது. இவை யாவும் அச்சிட்ட கையேடுகளில் உள்ளவை. ஆயினும் கையேட்டைப் படிப்பதால் மட்டும் நிலத்தைப் படித்ததாகாது.

1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இரு சிறுவரும், வாடகைக்கு எடுத்த வேன் ஒன்றில் மரணப் பள்ளத்தாக்கிற்குள் சென்றனர். வழியிலிருந்த பதிவேடு ஒன்றில், கணவாயைக் கடக்கப் போவதாக எழுதிவைத்தனர். பின்னர் அவர்களைக் கண்டவர் இல்லை. ஊர் திரும்பவேண்டிய விமானத்தில் அவர்கள் ஏறவில்லை என்பது தெரிந்தபின்தான் கவலை பிறந்தது. அக்டோபரில், எவரும் செல்லாத ஒரு வறண்ட ஓடைப் பள்ளத்தில், சக்கரங்கள் காற்றிழந்த நிலையில் வேன் கண்டுபிடிக்கப்பட்டது. பெரியவர்கள் இருவரின் எலும்புகள் 13 ஆண்டுகள் கழித்து, 2009இல், தன்னார்வலர்கள் இருவரால் கண்டெடுக்கப்பட்டன. வேன் நின்ற இடத்திலிருந்து அவர்கள் தெற்கு நோக்கி நடந்திருந்தனர். தெற்கே வரைபடத்தில் ஒரு படைத்தளத்தின் எல்லை குறிக்கப்பட்டிருந்தது. எல்லை என்றால் வேலியும் காவலரும் இருப்பர் என்று அவர்கள் நம்பியிருக்கலாம் என்பது அத்தன்னார்வலர்களுள் ஒருவரின் ஊகம். அங்கே வேலியும் இல்லை, காவலரும் இல்லை.

இவர்களை அசட்டையானவர்கள் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வரைபடம் வைத்திருந்தார்கள்; கையேடு வாங்கினார்கள்; பதிவேட்டிலும் எழுதினார்கள். அந்த ஊகம் சரியாயின், வரைபடம் பொய் சொல்லவில்லை. தம் ஊர் வழக்கத்தைக் கொண்டு அதைப் பொருள்கொண்டார்கள், அவ்வளவே. நாமும் அவ்வாறுதான் கொண்டிருப்போம். பதிவேட்டில் எழுதிய அந்த வரியை, எழுதிய வாரத்திலேயே படித்துத் தேடிப் புறப்படும் ஒருவர் இல்லாமற் போனதே நம்மை உறுத்துகிறது.

இதே பள்ளத்தாக்கில் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி கேட்டுப் புறப்பட்ட வண்டிக் கூட்டமொன்று, குறுக்குவழி என்று சொல்லப்பட்ட ஒன்றை நம்பி, 1849 டிசம்பரில் அங்கே சிக்கிக்கொண்டது. சிறு குழந்தைகளோடு இரு குடும்பங்கள் ஓர் ஊற்றருகே தங்கிவிட, வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ராஜர்ஸ் என்னும் இரு இளைஞர்கள் உதவி தேடி நடந்தனர். வழியுணவுக்காக ஒரு வண்டிமாட்டைக் கொன்று இறைச்சியை உலர்த்தினார்கள். மாடு அத்தனை மெலிந்திருந்ததால், ஏறக்குறைய அதன் இறைச்சி முழுவதும் இருவர் முதுகுப்பையில் அடங்கிவிட்டதாம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து குடியிருப்பொன்றை அடைந்தனர். அங்கே தண்ணீரும் உணவும் உயிரும் கிடைத்தன. ஏன் திரும்ப வேண்டும்? அவர்கள் அக்குடும்பங்களுக்கு உறவினர் அல்லர். குதிரைகளோடும் ஒற்றைக்கண் கோவேறு கழுதை ஒன்றோடும் திரும்பினார்கள். குதிரைகளை வழியில் கைவிட நேர்ந்தும் நிற்கவில்லை. புறப்பட்டு 26 நாள் கழித்து ஊற்றை அடைந்தபோது, காத்திருக்க மனமின்றிப் பலர் சென்றுவிட்டிருந்தனர். ஒருவர் வழியில் இறந்து கிடந்தார். குழந்தைகளோடு காத்திருந்த குடும்பங்கள் பிழைத்தன.

காத்திருந்தோர் கையில் நல்ல வரைபடம் இல்லை, நாட்கணக்கும் பொய்த்துவிட்டது. 1996இல் வந்த நால்வருக்குக் கிட்டாத ஒன்று அவர்களிடம் இருந்தது. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிந்தவர், திரும்பி வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். திட்டம் என்பதன் வேரை இங்கேதான் காண்கிறோம். அது காலத்தை நம் வசப்படுத்தும் அட்டவணை என்பதைவிட, இருவருக்கிடையே கொடுக்கப்பட்ட ஒரு சொல் என்பதே பொருந்தும். நம் பழைய இலக்கணத்தார் பாலைத் திணைக்குப் பிரிவை உரிப்பொருளாக்கியபோது, நடப்பவனை மட்டும் பாடச் சொல்லவில்லை. வீட்டில் சுவரில் கோடிட்டு நாளெண்ணுபவளையும் அதே திணைக்குள் வைத்தார்கள். பாலை இருவருக்கும் உரியது.

வேறொரு வகைத் திட்டமும் அந்நிலத்தில் உண்டு. டிம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் தரையிலும், கோடையில் மலைமேலும் வாழ்ந்தனர். கீழே மெஸ்கீட் நெற்றும் மேலே பைன் கொட்டையும் அவர்களுக்கு உணவு. நிலத்தின் சொல்லைக் கேட்டு வகுத்த திட்டம் அது. 1933இல் பள்ளத்தாக்கு தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டபின், அவர்கள் தம் மண்ணிலேயே தயவில் வாழ்பவராயினர். 1950களின் இறுதியிலிருந்து, ஆளில்லாத அவர்களுடைய மண்வீடுகள், கைவிடப்பட்டவை என்று நீரைப் பாய்ச்சிக் கரைக்கப்பட்டன. வீட்டுக்காரர்களோ கோடைக்கு மலைக்குப் போயிருந்தவர்கள்! 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்மூலம் 7,000 ஏக்கருக்கும் மேலான நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இன்றும் பள்ளத்தாக்கின் நடுவே, பயணிகள் தங்கும் விடுதிகளுக்கு அருகே, அவர்களது ஊர் இருக்கிறது. ஆளற்ற வனாந்தரம் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு அவ்வூரைக் கடந்து செல்பவர் சற்று வேகத்தைக் குறைக்கலாம்.

இடர் என்னோடு முடிந்துவிடும் என்பாருக்கு 2024 ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்த அறுவருள் ஒருவர் மரணப் பள்ளத்தாக்கில் வெப்பத்தால் இறந்தார். மருத்துவ ஹெலிகாப்டரால் உதவ முடியவில்லை. 49 டிகிரியைக் கடந்த காற்றில் அதனால் பாதுகாப்பாகப் பறக்க இயலாது. அத்தகைய நாட்களில் தேடி வருபவர் தரை வழியேதான் வருகிறார். நாம் குடிக்க மறந்த தண்ணீருக்காகத் தாகத்தில் நடப்பவர் அவர்.

ஆகையால், எத்தனை பூங்காக்களை எத்தனை நாளில் முடிக்கலாம் என்று எழுதும் தாளைக் காட்டிலும் வேறொரு தாளை முதலில் எழுதுவது நல்லது. காரின் நிறம், எண், செல்லும் சாலை, இரவு தங்கும் இடம், இத்தனை மணிக்குள் அழைப்பேன் என்னும் உறுதி, பூங்கா அலுவலகத்தின் தொலைபேசி எண், இவ்வளவு போதும். வழி மாறினால், கைப்பேசி வேலை செய்யும் கடைசி இடத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆர்ச்சஸ் பூங்காவின் இன்னொரு பாறை வளைவைப் பார்க்காமல் வர நேரலாம். அது நெடுங்காலமாக அங்கே நிற்கிறது. தாளைப் பெற்றுக்கொண்டவருக்கும் ஒரு கடமை உண்டு. அதைப் பெட்டியில் மடித்து வைக்காமல் கடிகாரத்தின் அருகே ஒட்டிவைத்து, குறித்த மணி கடந்ததும், எப்படியும் வந்துவிடுவார்கள் என்று இன்னும் ஓர் இரவு பொறுத்திராமல், வெட்கப்படாது அந்த எண்ணை அழைக்க வேண்டும்.