கைம்மாறு இல்லாத பரிசு

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சேரும் மாணவருக்கு வெள்ளை கோட்டு, டிசெக்‌ஷன் பெட்டி, எலும்பு செட், உடற்கூறியல் நூல்கள், ஸ்டெதாஸ்கோப் ஆகியவை தேவை. உறவினர்கள் பெரும்பாலும் ஸ்டெதாஸ்கோப்பையே பரிசாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதற்கு வேலை கூடுவது வார்டுக்குச் செல்லும் ஆண்டுகளில்தான். முதலாண்டில் அன்றாடம் கையாளப்படுபவை கத்தியும் இடுக்கியும் எலும்புகளுமே. எலும்பு செட்டை மூத்த மாணவர் இளையவருக்குக் கைமாற்றும் வழக்கமும் உண்டு.

பரிசு பெற்றவர் கொடுத்தவருக்குக் கடன்பட்டவர்தானா என்பது அறவியலின் பழைய கேள்வி. கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது என மூன்று கடமைகள் பரிசைச் சுற்றிப் பின்னியிருப்பதை பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் விளக்கினார். பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. திருப்பிச் செய்ய இயலாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில் தருவது சாத்விகம். பலனை எண்ணித் தருவது ராஜசம். தகாத இடத்தில் மதிப்பின்றித் தருவது தாமசம்.

மருத்துவ மாணவருக்கு வரும் பரிசுகளையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். பெற்றோரும் உறவினரும் தருவதில் எதிர்பார்ப்பு இருந்தாலும், பிள்ளை நல்ல மருத்துவராக வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. மருந்து நிறுவனம் தரும் பரிசு அப்படிப்பட்டதன்று. அதற்கான கைம்மாறு மருந்துச் சீட்டில் எழுதப்படும். செலவை ஏற்பவர் நோயாளி. இதனால்தான் 2009இல் இந்திய மருத்துவக் கவுன்சில், மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு பெறுவதைத் தடைசெய்தது. அத்தகைய பரிசை மறுக்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.

கடையில் வாங்க முடியாத ஒன்றும் மாணவருக்குத் தேவை. அது மனித உடல். பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இதை அன்றே வலியுறுத்தியது. உறுப்புகள் குறையாத உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பிறகு தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோலின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் காண வேண்டும் என்கிறது அந்நூல்.

ஆனால் நெடுங்காலம் உடல் பரிசாக வரவில்லை. பிரிட்டனில் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் ஆய்வுக்குப் போயின; கல்லறைகளிலிருந்தும் உடல்கள் திருடப்பட்டன. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் உடல்களை விற்பதற்காகவே கொலைகள் செய்தது 1828இல் வெளிப்பட்டது. 1832ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைகோரப்படாத ஏழைகளின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டது. இந்தியச் சட்டங்களும் இதே வழியில் சென்றன. இவ்வாறு பெறப்படும் உடல் பயன்படலாம். ஆனால் இறந்தவரின் விருப்பம் இல்லாததால் அது கொடையாகாது. மாறாக, தத்துவஞானி ஜெரமி பெந்தாம் தம் உடலை ஆய்வுக்கு என எழுதிவைத்து, அதே 1832இல் இறந்தார். மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசுவின் உடல் 2010இல் அவர் விருப்பப்படியே கொல்கத்தா மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டது.

உடல் தானம் குறித்த சமயங்களின் தயக்கம் மதிக்கத்தக்கது. ஈமச்சடங்கு முழுமையாகாது என்று இந்துக் குடும்பங்கள் அஞ்சுவதுண்டு. யூத, இஸ்லாமிய மரபுகள் இறந்தவரின் உடலைச் சிதைக்காமல் விரைந்து அடக்கம் செய்ய வலியுறுத்துகின்றன. கண்முன் இருக்கும் நோயாளியைக் காக்கவேண்டிய நிலையில் மட்டுமே உடலைத் திறக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகர யூத மதகுரு (ரப்பி) யெகெஸ்கேல் லாந்தாவ் தீர்ப்பளித்தார். மாணவரின் நோயாளி இன்னும் கண்முன் வரவில்லை என்பது உண்மை. ஆனால் வரப்போவது உறுதி. அன்று கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ததீசி முனிவர் தம் எலும்புகளையே ஈந்த கதையைப் போற்றும் இந்து மரபுக்கு உடல் தானம் அந்நியமானதன்று. பௌத்த நாடான தாய்லாந்தில் உடல் ஈந்தவர்களைப் பேராசான்களாக வணங்கி, படிப்பு முடிந்ததும் சமயச் சடங்குகளுடன் தகனம் செய்கிறார்கள். இந்தியாவின் புதிய மருத்துவப் பாடத்திட்டமும் உடலை முதல் ஆசிரியர் என்றே அறிமுகப்படுத்துகிறது.

இந்தக் கொடையாளர் மாணவரை அறியார்; மாணவராலும் அவருக்கு எதையும் திருப்பித் தர இயலாது. கீதை சொல்லும் சாத்விக தானத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. எனினும் கடன் தீர்ந்துவிடுவதில்லை. அதை நோயாளிகளுக்கே செலுத்தியாக வேண்டும். மாணவர் செய்யவேண்டியது உடலை மரியாதையோடு கையாள்வதும், கற்றதை ஏழைக்கும் மறுக்காமல் பயன்படுத்துவதுமே. பரிசளிக்க விரும்புவோர் ஸ்டெதாஸ்கோப்பைத் தாராளமாக வாங்கித் தரலாம். மனமிருந்தால் உடல் தானப் படிவத்திலும் கையெழுத்திட்டு, அந்த முடிவை வீட்டாரிடம் இன்றே சொல்லிவைக்கட்டும்.